எழுதாத கணக்கு

அவைத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தாரே, வேலை நாளிலும் வந்து கடைசிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, மாலைக்குப் பதில் புத்தகம் தந்த தமிழாசிரியை அம்மா அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, வணக்கம்.

தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனபுரி போர்க் கல்லறையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அது உருவான கதை, அதன் கட்டட அமைப்பு, அங்கே இடம் கிடைக்காத நம் தமிழ்த் தொழிலாளர்கள்.

1942இல் ஜப்பானியர் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்புசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்துப்போனார்கள். யாரை எங்கே புதைத்தோம் என்று கைதிகள் காவலருக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் ஒரு தேடல் குழு பாதை நெடுக அலைந்து 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்தது. எடுத்த உடல்களைக் காஞ்சனபுரி, சுங்காய், தன்புசயாத் என்று மூன்று இடங்களில் சேர்த்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் காமன்வெல்த் வீரர்கள் 5,084 பேர், டச்சுக்காரர்கள் 1,896 பேர். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். அந்தக் கைதிகள் எழுதியிருந்தார்கள்.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சுற்றுலா பஸ்ஸில் நம்மூர்ப் பாட்டி ஒருவர் வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே தேங்காய், சூடம், வெற்றிலை. நேராகத் தோட்டக்காரரிடம் போய், "எங்கப்பா முனியாண்டி எந்த வரிசைப்பா?" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. இருந்தாலும் அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள்! (சிரிப்பு) கடைசியில் வழிகாட்டி வந்து, "பாட்டி, இது பட்டாளத்துக்காரங்களுக்கு" என்றார். பாட்டி சுற்றிலும் பார்த்தார். "அவங்களும் அதே ரோடுதானே போட்டாங்க?" என்றார். வழிகாட்டி வாய் திறக்கவில்லை. பாட்டி வெளியே போய், மதிலோரம் சூடம் கொளுத்தி, தேங்காயை ஓங்கி உடைத்தார். வெள்ளைக்காரர் ஒருவர் குண்டு வெடித்ததோ என்று துள்ளிக் குதித்தார்! (கைதட்டல்)

அந்தப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதும் உண்டு. இறந்த ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகள்தான். கைதிகளைவிடப் பல மடங்கு. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனபோது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. செத்தபோது எந்த ஏட்டிலும் இல்லை. எழுதாத கணக்கு, ஐயா!

கட்டட அமைப்பைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

வாசல் மேசையில் படிவம் இருக்கிறது. தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணி யார், எந்த வருடம் கொண்டுபோனார்கள்: தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுத வராத பெரியவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஐயாவின் தாத்தாவும் சயாமுக்குப் போனவர் என்று கேள்வி. முதல் படிவம் அவருடையதாக இருக்கட்டும். அப்புறம்தான் தேநீர்.