பதுளைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் ஒருவராவது இருக்கிற குடும்பங்கள் நம் மலையகத்தில் நிறைய. பயணம் என்றதும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?" என்பதுதான். சரி, அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் நம் ரயில் பாதை. கொழும்பிலிருந்து பதுளைக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 130 கிலோமீற்றர். தண்டவாளமோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர். செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது, அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலைக்குப் போய், அப்புறம் இறங்குகிறது. தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது! பயணம் ஒன்பது, பத்து மணித்தியாலம்.

ஆகாயத்தில் மலை இல்லை. ஆனால் பூமி உருண்டை. தட்டையான உலகப்படத்தில் கொழும்பையும் லண்டனையும் கோட்டால் இணைத்தால் அது சவூதி அரேபியா வழியாகப் போகும். பாடசாலையில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு நகரங்களிலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து, பாதி வழியில் தெஹ்ரான் பக்கம் போகும். உண்மையில் அதுதான் மிகக் குறுகிய வழி, ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் பத்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஏறி இறங்கும் நேரத்தையும், சில நாடுகளின் வான்பரப்பைச் சுற்றிப் போவதையும், எதிர்க்காற்றையும் சேர்த்தால் சுமார் பதினொன்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுவதால், திரும்பி வரும்போது நேரம் குறையும்.

டிக்கட்டில் பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்கு லண்டன் என்று போட்டிருந்தால், ஐந்தரை மணித்தியாலப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால்; கோடையில் நாலரை. டுபாய் எப்போதும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். மாலை ஆறுக்குக் கிளம்பும் விமானம் நாலரை மணித்தியாலம் பறந்து அங்கே இரவு ஒன்பதுக்கு இறங்கும். நமக்கு அப்போது பத்தரை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று ஒன்பது மணியிலிருந்தே பிள்ளைகள் பதற வேண்டாம்.

இன்னொன்று: கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தைக் கிலோமீற்றரை வைத்துப் போடாதீர்கள். மழைக்காலத்தில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து வீதி மூடப்படுவது உண்டு. விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கே நிற்க வேண்டும். மழை கடுமையென்றால் முதல் நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.