நாலே தடங்கள்

வணக்கம் நேயர்களே.

ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஸ்பூல் டேப் எந்திரம். ஒரு நாள் மூத்த பாடகர் ஒருவர், ஒரு வரியை மட்டும் மறுபடி பாடிவிடுகிறேன் என்றார். முந்தைய வரி முடிவதற்குள் நான் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். அரை நொடிதான் இருக்கும். அந்த வரியின் கடைசிச் சொல்லில் அவர் கொடுத்திருந்த ஒரு சின்ன இழைவு அழிந்துபோனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பப் பாடினார், நன்றாகவே பாடினார். ஆனால் அந்த இழைவு வரவில்லை.

டேப்பில் அழிந்தது அழிந்ததுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு, அறுபதுகளின் கடைசியில் வந்த ராக் இசைத்தட்டுகளை நான் வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். கிடாரையும் பாட்டையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தப் பாட்டுகள் பதிவான நாடாவைப் பற்றி. அன்றைக்கு அவர்களிடம் இருந்தது நாலே நாலு தடங்கள். தடம் என்றால், நாடாவில் ஒரு ஒலியைத் தனியாகப் பதியும் கோடு.

லண்டனில் அபே ரோடு என்ற தெருவில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஸ்டுடியோ 1931இல் திறக்கப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அங்கே இரண்டு தடம்தான் கிடைத்தது. 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிந்துவிட்டுப் போனார்கள். அந்த வருடக் கடைசியில் நாலு தடத்துக்கு மாறினார்கள். பிறகு ஸ்டூடர் ஜே37 என்ற ஸ்விட்சர்லாந்து எந்திரம் வந்தது. வால்வில் ஓடும் பெரிய எந்திரம், அதில் ஒரு அங்குல அகல நாடா. அந்த ஒரு அங்குலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நாலு கோடுகள். ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் கிடார், ஒன்றில் குரல், இன்னொன்றில் வேறு ஏதாவது. அவ்வளவுதான், நாடா நிரம்பிவிட்டது.

இன்னும் வேண்டுமென்றால்? நாலையும் கலந்து, இரண்டாவது எந்திரத்தில் ஒன்றிரண்டு தடங்களுக்குள் இறக்குவார்கள். மீதித் தடங்கள் காலியாகும், அதில் புதிதாகப் பதியலாம். ஆனால் கலந்ததைப் பிரிக்க முடியாது. சாதத்தோடு பிசைந்த குழம்பு மாதிரி. டிரம்ஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று ஒரு வாரம் கழித்துத் தோன்றினால், தோன்றியதோடு சரி. இப்படி ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சலும் கூடிக்கொண்டே போகும். ஆகவே பாட்டு முழுதாக உருவாகும் முன்பே, அது முடிவில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒருவர் மனதுக்குள் கேட்டு முடித்திருக்க வேண்டும். அந்த இசைத்தட்டுகளில் எனக்குக் கேட்பது இந்தத் துணிச்சல்தான்.

1966 ஏப்ரல் 6ஆம் தேதி. ஜெஃப் எமரிக் என்ற இளைஞர் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக அமர்ந்த முதல் நாள். வயது இருபது. அவருக்கு வந்த முதல் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தன் குரல் கேட்க வேண்டும் என்றார் குழுவின் பாடகர் ஜான் லெனன். ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற பெட்டிக்குள் ஒலிபெருக்கி சுழலும். லெனனின் குரலை அதற்குள் செலுத்தி, வெளியே மைக் வைத்துப் பிடித்தார் எமரிக். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்த ஸ்டுடியோவில் விதி இருந்தது. அதை மீறி மைக்கை நெருக்கி வைத்தார். பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். ரிங்கோ ஸ்டாரின் அடி நெஞ்சில் இடிப்பது போலக் கேட்பது அதனால்தான்.

மறுநாள் நடந்தது இன்னும் பெரிது. பாட்டுக்குள் கடற்பறவை கத்துவது போல ஒன்று வருமே, அதெல்லாம் துண்டு நாடாக்கள். நாடாவின் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினால் அது வளையமாகச் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். கட்டடத்தில் ஆங்காங்கே இருந்த எந்திரங்களில் அந்த வளையங்களை மாட்டி ஓடவிட்டார்கள். நாடா தொய்யாமல் இருக்க ஊழியர்கள் பென்சிலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை ஒலியும் கலவை மேசைக்கு வர, எதை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்பதை அந்த இடத்திலேயே கைகள் முடிவு செய்தன. அதே கலவையை இன்னொரு முறை செய்யச் சொன்னால் யாராலும் முடியாது. அது வாசிப்புதான். கச்சேரியில் வாசிப்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். முதலில் வருவது தம்புரா. வேறு சுருதிக்கு நகராமல் ஒரே ஆதாரத்தில் நிற்கும் பாட்டு அது. நம் காதுக்கு அதில் அந்நியம் எதுவும் இல்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் ஊர் ஊராகப் போவதை நிறுத்தினார்கள். மேடையில் வாசிக்க முடியுமா என்ற கவலை இனி இல்லை. நவம்பரில் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பதிவு தொடங்கியது. இரண்டு விதமாகப் பதிந்தார்கள். ஒரு முறை வாசித்துப் பதிவதை டேக் என்போம். ஏழாவது டேக் மென்மையானது. இருபத்தாறாவது டேக் வேகமானது, டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்தது. லெனனுக்கு அதில் முதல் பாதியும் இதில் பின் பாதியும் பிடித்திருந்தன. இரண்டையும் ஒட்டிவிடலாமே என்றார். சுருதியும் வேறு, வேகமும் வேறு என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் விளக்கிப் பார்த்தார். லெனன் விடவில்லை.

நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். ஏழாவது டேக்கைக் கொஞ்சம் வேகப்படுத்தி, இருபத்தாறாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தியபோது இரண்டும் ஒரே சுருதியில் வந்து நின்றன. கத்தரித்து ஒட்டினார்கள். பாட்டு தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. இன்று இரவு ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். திடீரென்று காற்றே கனத்தது போல இருக்கும். லெனனின் குரல் தூக்கத்துக்குள் இறங்கியது போல ஆகும். அந்தக் கனம் யாரும் திட்டமிட்டதல்ல, நாடாவைத் தாமதப்படுத்தியதால் வந்தது. அதைக் கேட்டு, இது இருக்கட்டும் என்று விட்டார்களே, அதுதான் காது.

1967 பிப்ரவரியில் இந்தப் பாட்டும் 'பென்னி லேன்' பாட்டும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாக வெளிவந்தன. பிரிட்டனில் அது முதலிடத்துக்கு வரவில்லை. வரவிடாமல் மேலே நின்ற பாட்டு 'ரிலீஸ் மீ'. அதைப் பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் 1936இல் பிறந்தது நம் சென்னையில்.

சரி, 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்துக்கு வருவோம். கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்' பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1967 ஜனவரி 19இல் பதிவைத் தொடங்கியபோது நடுவில் இருபத்து நாலு 'பார்', அதாவது தாளத்தின் இருபத்து நாலு சுற்று அளவு வெற்றிடம் விட்டார்கள். அங்கே என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. அவர்களின் உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், இருபத்து நாலு முடிந்ததும் அலாரம் கடிகாரத்தை அடிக்கவிட்டார். அடுத்து பால் மெக்கார்ட்னி பாடும் பகுதி தூங்கி எழுவதில் தொடங்குகிறது. அலாரம் அப்படியே பொருந்திவிட்டது, பாட்டிலேயே தங்கிவிட்டது.

பிப்ரவரி 10ஆம் தேதி நாற்பது வாத்தியக் கலைஞர்கள் வந்தார்கள். விருந்துக்குப் போவது போல உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். அவரவர் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தில் தொடங்கி, இருபத்து நாலு பாருக்குள் மிக உயர்ந்த ஸ்வரத்துக்கு ஏற வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள், உங்கள் போக்கில் ஏறுங்கள் என்றார் மார்ட்டின். ஒன்றாக வாசிப்பதையே வாழ்நாள் முழுக்கப் பயின்றவர்களிடம் அதைச் சொல்வது லேசான காரியமா?

நாலு தடமும் ஏற்கனவே நிரம்பியிருந்தன. தொழில்நுட்பப் பிரிவில் இருந்த கென் டவுன்செண்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் எந்திரத்தின் ஒரு தடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் பதிந்து, அதைக் கொண்டே இரண்டாவது எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். தொடக்கப் புள்ளியைக் கையால் பிடிக்க வேண்டும். இரண்டாவது நாடாவில் அந்த நாற்பது பேரையும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து அடுக்கடுக்காகப் பதிந்தார்கள்.

அந்த ஏற்றத்துக்குப் பிறகு வரும் கடைசி நாதம் பிப்ரவரி 22இல் பதிவானது. மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் கைகள் விழுந்தன. ஒலி அடங்க அடங்க எமரிக் பதிவு அளவை ஏற்றிக்கொண்டே போனார். நாற்பது நொடிக்கு மேல் அது நீள்கிறது. கடைசியில் அளவு எவ்வளவு உயர்ந்திருந்தது என்றால், அறையில் ஒரு நாற்காலி முனகுவது கூடக் கேட்கும். அந்த முனகலை இன்று கணினியில் நொடியில் துடைத்துவிடலாம். எனக்கு அது வேண்டும். அங்கே மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

இதே ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாட்டில் தில்ரூபா, தபேலா, ஸ்வரமண்டல் எல்லாம் வருகின்றன. வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். பிறகு எட்டு வயலினும் மூன்று செல்லோவும் சேர்க்கப்பட்டன. தில்ரூபாவின் வளைவுகளை அந்த வயலின்கள் பின்தொடர வேண்டும். கட்டை கட்டையாக ஸ்வரம் வாசித்துப் பழகிய கைகள், இழைந்து இழைந்து போகப் படும் பாடு அந்தப் பதிவில் கேட்கிறது, அழகாகவே கேட்கிறது. ஆனால் அந்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் தட்டின் உறையில் அச்சாகவில்லை. உலகமே கேட்ட ஆல்பம் அது. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு.

இன்னொரு விஷயம். இந்த ஆல்பத்தை நம்மில் பெரும்பாலோர் கேட்டிருப்பது, இடது வலது என்று ஒலி பிரிந்து வரும் ஸ்டீரியோவில். குழுவினர் கூடவே உட்கார்ந்து வாரக் கணக்கில் கலந்தது, எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோ பதிப்பை. ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்தார்கள். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாட்டை மோனோவில் கேளுங்கள். சுருதி உயர்ந்து, வேகம் கூடி, வேறு பாட்டாகவே இருக்கும். முடிந்தால் மோனோவைத் தேடிப் பிடியுங்கள்.

ஆல்பம் அதிகாரபூர்வமாக வெளியான தேதி 1967 ஜூன் 1. ஜூன் 4 அன்று லண்டன் சாவில் தியேட்டரில் அமெரிக்க கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் நிகழ்ச்சியை அதன் தலைப்புப் பாட்டோடு தொடங்கினார். மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சபையில் இருந்தார்கள்.

ஹெண்ட்ரிக்ஸும் அப்போது நாலு தடத்தில்தான் வேலை செய்தார், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில், எடி கிராமர் என்ற ஒலிப்பதிவாளரோடு. 1967 டிசம்பரில் வந்த 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்' ஆல்பத்தின் உறையைப் பார்த்தால் நமக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். பெருமாளின் விஸ்வரூபப் படத்தில் ஹெண்ட்ரிக்ஸின் முகம். அமெரிக்கப் பழங்குடி வேர்தான் தன்னுடையது, இது இல்லையே என்று அவருக்கே அதில் மனக்குறை. அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்து மாஸ்டர் டேப்பை, அதாவது கலந்து முடித்த மூல நாடாவை, அவர் ஒரு டாக்ஸியில் மறந்து வைத்துவிட்டார். கிடைக்கவே இல்லை. ஒரே இரவில் எல்லாவற்றையும் மறுபடி கலந்தார்கள். ஒரு பாட்டு மட்டும் எப்படிக் கலந்தாலும் முந்தையது போல வரவில்லை. பேஸ் கிடார் வாசித்த நோயல் ரெடிங்கிடம் அதன் நகல் இருந்தது, ஆனால் நாடா கசங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்து நேராக்கினார்கள். நாம் கேட்கும் 'இஃப் சிக்ஸ் வாஸ் நைன்' அப்படி வந்ததுதான்.

அப்புறம் தடங்கள் பெருகின. 1968இல் நியூயார்க் ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டுடியோவில் ஹெண்ட்ரிக்ஸுக்குப் பன்னிரண்டு தடம் கிடைத்தது. ஒரு பாட்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட டேக் எடுத்தார். அவரை லண்டனுக்கு அழைத்து வந்த தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லர், பொறுக்க முடியாமல் விலகிப் போனார். அந்த உழைப்பில் பிறந்த 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' மகத்தான ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாட்டின் அஸ்திவாரம் லண்டனில் நாலு தடத்தில் போடப்பட்டது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பாட்டின் இறுக்கம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு.

பீட்டில்ஸும் எட்டுத் தடத்துக்குப் போனார்கள். 1969இல் பதிந்த 'அபே ரோடு' ஆல்பத்தில் கலவை மேசை வால்விலிருந்து டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தது. ஒலி வழவழப்பானது, கதகதப்பானது. இரண்டாம் பக்கத்தில் பாட்டுகளைத் தொடர்மாலையாகக் கோத்தார்கள். ஒத்திகைக்காக ஒட்டிப் பார்த்தபோது, 'ஹெர் மெஜஸ்டி' என்ற குட்டிப் பாட்டு நடுவில் பொருந்தவில்லை என்று மெக்கார்ட்னிக்குத் தோன்றியது. வெட்டித் தூக்கி எறியச் சொன்னார்.

அந்த வேலையில் இருந்தவர் ஜான் கர்லண்டர் என்ற இளம் உதவியாளர். பீட்டில்ஸ் பதிந்த எதையும் எறியக் கூடாது என்று அவருக்கு மேலிருந்து கட்டளை. கீழே கிடந்த துண்டை எடுத்தார். அந்தப் பாட்டுத் தொடர்மாலை முடிந்த இடத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று நாடாவைச் சேர்த்து, அதன் கடைசியில் ஒட்டி வைத்தார். சோதனைத் தட்டு வெட்டியவர்கள் அதையும் சேர்த்தே வெட்டினார்கள். கேட்ட மெக்கார்ட்னிக்கு அது பிடித்துப்போனது. முதலில் வந்த உறையில் அந்தப் பாட்டின் பெயர் கிடையாது.

வெட்டிய இடம் சரியாக அமையவில்லை. அதனால் பாட்டின் தொடக்கத்தில் முன்னால் இருந்த பாட்டின் கடைசி நாதம் பலமாக மோதுகிறது. அதன் சொந்தக் கடைசி ஸ்வரமோ அடுத்த பாட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இன்று இரவு தட்டை ஓடவிட்டால், கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். சில நொடி மௌனம். பிறகு ஒரு மோதல், ஒற்றைக் கிடார், ஒரு குரல், அரை நிமிடம் கூட இராது. அந்தக் கடைசி ஸ்வரத்துக்காகக் காது காத்திருக்கும். அது வராது.

வணக்கம்.