50 மீட்டர் என்றால் வரைபடத்தில் எவ்வளவு?

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசியிருக்கலாம். ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயத்தை இங்கே நின்று சொன்னால்தான் விளங்கும்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இந்தக் கருங்கற்களுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் துண்டு தெரிகிறதா? பாசி பிடித்து வழுவழுவென்று இருக்கிறதே, அதுதான். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செங்காவி ஒட்டியிருக்கிறது. அது எங்கள் ஆயா வீட்டு வாசற்படி. சின்ன வயதில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் கருவாட்டுக்குக் காவல் இருப்பேன், கையில் காக்கா ஓட்ட ஒரு குச்சியோடு. அப்போது இந்தப் படிக்கும் கடலுக்கும் நடுவில் இன்னும் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. அதற்கு அப்புறம் மணல். மத்தியான வெயிலில் கடலுக்கு ஓடினால் ஒரே ஓட்டத்தில் போய்ச் சேர முடியாது, கால் பொரியும். பாதியில் ஏதாவது ஒரு படகு நிழலில் நின்றுவிட்டு மறுபடி ஓடுவோம். அவ்வளவு மணல்.

இப்போது அலை இந்தப் படியைத் தாண்டி வருகிறது, பாருங்கள்.

எங்கள் ஊர் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிற குப்பங்களில் ஒன்று. வடக்கே என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையோரத்தில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்துக் கடலுக்குள் கல் சுவரை நீட்டினார்கள். நடந்துவந்த மணல் சுவரில் முட்டி, தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அப்படி அகலமான கடற்கரைதான். அங்கே நடந்து நடந்து கால் ஓய்ந்து போகிறதே, அந்த மணலில் எங்களுக்கு வரவேண்டிய மணலும் இருக்கிறது. வடக்குப் பக்கம் கடல் எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை, வந்து சேர்வது நின்றுவிட்டது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீங்கள் பார்க்கிற கல் குவியல்கள் எல்லாம் அந்தக் கதையின் தொடர்ச்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு நாங்களே சாலையில் உட்கார்ந்திருக்கிறோம். கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவாக நீட்டினால் இந்தப் பக்கம் மணல் தங்கும். அந்தப் பக்கம், நமக்கு வடக்கே இருக்கிற ஊருக்கு, மணல் குறையும். அது எங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் என் சித்தி வாழ்கிறாள். தெரிந்தும் கேட்டோம். வீடு விழுகிறபோது வேறு என்ன கேட்பது?

சரி, டெல்லிக்கு வருகிறேன்.

போன நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தெருவுக்கும் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். கடல் உள்ளே வருகிறது என்று சொன்னோம். ஒருவர் இது மாநில அரசு விஷயம் என்றார். இன்னொருவர் மத்திய அரசு விஷயம் என்றார். இரண்டு பேர் சொன்னதும் பாதி உண்மை, அதுதான் சிக்கலே. கடற்கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்கிற விதியை வெளியிடுவது மத்திய அரசு. அந்த விதிப்படி ஊர் ஊராகக் கோடு போட்டு வரைபடம் தயாரிப்பது மாநில அரசு. ஒரு ஊருக்கு ஏதாவது ஆகிறபோது இரண்டு பேரும் அடுத்தவர் பக்கம் கையைக் காட்ட இடம் இருக்கிறது.

அந்த விதிக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சி.ஆர்.இசட் என்பார்கள். இதன் வேர் 1981 நவம்பரில் இருக்கிறது. அப்போது பிரதமராக இருந்த இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். கடல் நீர் ஏறி வருகிற உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையைச் சும்மா விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரியில், அது அறிவிக்கையாக வந்தது. 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கை. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டும். அறிவிக்கையை மாற்ற அது வேண்டியதில்லை. வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, அரசிதழில் போட்டால் முடிந்தது. அதனால்தான் தலைப்புச் செய்தியில் இது வராது. நம் வாசலை நேரடியாகத் தொடுகிற விஷயம், ஆனால் டிவி விவாதத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

கோடு போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 90களில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் வந்து, நிலத்தடி நீர் உப்பானபோது, காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில், கடலோர மண்டலத்துக்குள் அந்தப் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் கையில் எடுத்தது இந்த 1991 கோட்டைத்தான். அப்புறம் 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அந்தப் பண்ணைகளை ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுபோனது வேறு கதை.

இப்போது எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிற விஷயத்துக்கு வருகிறேன். கிராமப்புறக் கடற்கரைகளில் 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடை மண்டலம் என்று இருந்தது, அதாவது பொதுவாகப் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாத இடம். சுனாமி வந்துபோன பிறகு, 2005இல், தமிழ்நாட்டில் மறுவாழ்வு வீடு கொடுத்தபோதும் இதே 200 மீட்டர்தான் அளவுகோல். அதற்கு அப்பால் போனால் வீடு உண்டு, உள்ளேயே இருப்பேன் என்றால் உதவி கிடையாது. எத்தனையோ குடும்பங்கள் படகைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்துக்குப் போய்க் குடியேறின. கடல் ஆபத்து, தள்ளிப் போங்கள் என்றார்கள், போனோம்.

2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழ்கிற கிராமப்புறக் கடற்கரைகளில் அந்தத் தடை மண்டலத்தை 50 மீட்டராகக் குறைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் 50, இல்லாவிட்டால் பழைய 200. கடலரிப்பையும் கடல்மட்டம் உயர்வதையும் கணக்கில் எடுத்து அபாயக் கோடு என்று ஒன்று வரைந்திருக்கிறார்கள். அதையும் பேரிடர் திட்டமிடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாக்கிவிட்டார்கள். கடல் எதுவரை வரக்கூடும் என்று அரசே வரைந்த கோடு, எதுவரை கட்டலாம் என்ற கேள்விக்குப் பயன்படாது என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

எங்கள் சொந்தக்காரர்கள் பலர் தெற்கே அப்படிப்பட்ட ஊர்களில் இருக்கிறார்கள். அங்கே இந்த மாற்றத்தை நல்லது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆன மகனுக்கு ஓர் அறை எழுப்பக்கூட அனுமதி கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் அவர்கள். ஆனால் தடை விலகினால் அந்த இடத்துக்கு முதலில் வருவது யார்? ஓர் அறை எழுப்ப நினைக்கிற மீனவனா, விடுதி கட்டப் பணத்தோடு காத்திருக்கிறவரா?

50 மீட்டர் எவ்வளவு என்று காட்டத்தான் பெரியப்பாவை இங்கே கூட்டிவந்தேன். கேமரா முன்னால் வர மாட்டேன் என்று அந்தப் படகுக்குப் பின்னால் நிற்கிறார். நேற்று அவரிடம் கேட்டேன், "பெரியப்பா, ஐம்பது மீட்டர்னா எவ்ளோ இருக்கும்?" அவர் டேப் எடுக்கவில்லை. வலைக் கயிற்றை எடுத்து, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சுக்கு முன்னால் பாகம் பாகமாக அளந்தார். கடலில் ஆழம் பார்க்கிற கணக்கு அதுதான். இருபத்தேழு பாகத்தில் நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பார்த்தார். "ஒரு வலை விரிச்சா இதவிட நீளம் வரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வலையை எங்கே உலர்த்துவது, எங்கே உட்கார்ந்து கிழிசல் தைப்பது, புயல் எச்சரிக்கை வந்தால் படகை எதுவரை இழுப்பது, மீன் ஏலம் எங்கே, கருவாடு எங்கே? இதற்கெல்லாம் பட்டா கிடையாது. ஊர் முழுக்கத் தெரியும் இது இன்னாருடைய வலை காயும் இடம் என்று, ஆனால் ஒரு காகிதத்திலும் இருக்காது.

ஆனால் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இதைத்தான் உங்களிடம் அடித்துச் சொல்ல வந்தேன். 2019 அறிவிக்கையின் இணைப்பில், வரைபடத்தில் மீனவக் கிராமங்களையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் படகுத்துறை, ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் இடம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் மன்றாடிக் கேட்க வேண்டிய சலுகை என்று இதை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவைத்த கடமை.

2023இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் கருத்துக் கேட்புக்கு வந்தபோது மீனவர் அமைப்புகள் கொதித்தெழுந்தது இதற்காகத்தான். குறிக்க வேண்டியது குறிக்கப்படவில்லை. நானும் அப்போதுதான் முதல்முறையாக எங்கள் பகுதி வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். 1:25,000 அளவுகோல். அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 250 மீட்டர். பெரியப்பா இருபத்தேழு தடவை கை விரித்து அளந்த 50 மீட்டர், அந்தத் தாளில் 2 மில்லிமீட்டர். பேனா கொஞ்சம் தடிமனாக இருந்தால் கோட்டுக்குள்ளேயே மறைந்துபோகும். எங்கள் ஊரை விரல் வைத்துத் தேடினேன். சாலை இருந்தது. தொழிற்சாலை இருந்தது. வலை காயும் இடம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கடல் எடுத்துக்கொண்டு போனால் அழுதாவது தீர்த்துக்கொள்ளலாம். தாளிலேயே இல்லாத இடத்தை நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது?

அதனால் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். கையில் ஃபோன், அதில் ஜிபிஎஸ். ஊர்ப் பெரியவர்களை முன்னால் நடக்கவிட்டு, அவர்கள் காட்டுகிற ஒவ்வோர் இடத்தின் நான்கு மூலையிலும் நின்று பதிவு செய்கிறோம். முதல் நாள் பெரியவர்கள் ஆண்கள் மட்டும் வந்தார்கள், படகு நிற்கிற இடங்களைக் காட்டினார்கள். இரண்டாம் நாள்தான் மீன் விற்கிற அக்காக்கள் வந்து கருவாட்டு இடத்தையும், கூடை கழுவுகிற இடத்தையும், குடிதண்ணீர் ஊறுகிற மணல் மேட்டையும் காட்டினார்கள். அடும்புக் கொடி படர்ந்த அந்த மேட்டைத் தோண்டினால் கடலுக்கு இவ்வளவு பக்கத்திலும் நல்ல தண்ணீர் வரும். மணல் மேடும் விதிப்படி பாதுகாக்கப்பட வேண்டியது. அதை முதல் நாள் ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கிறவர்களுக்குத்தானே தெரியும்.

கேட்டால் நடக்குமா என்று கேட்பீர்கள். 2008இல் அந்த 1991 விதிக்குப் பதிலாகக் கடற்கரை மேலாண்மை மண்டலம் என்று ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். 2009இல் அது காலாவதியாக விடப்பட்டது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கடலோர மாநிலங்களுக்கு வந்து நேரில் கருத்துக் கேட்டார், சென்னையிலும் கேட்டார். புதுச்சேரியில் மணல் முழுக்கப் போய்க் கல்லாக நின்ற கடற்கரையில், கடலுக்கடியில் தடுப்பு அமைத்த பிறகு காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்ப வந்திருக்கிறது. நான் போய்க் காலால் மிதித்துப் பார்த்தேன்.

கடலோரத்தில் இருக்கிறவர்கள், தமிழ்நாட்டின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் ஊர் எந்தத் தாளில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். படகு, வலை, மேடு, குளம், எது விட்டுப்போயிருக்கிறது என்று குறித்து, ஆட்சியர் தலைமையில் இருக்கிற மாவட்டக் கடலோரக் குழுவுக்கு எழுதுங்கள். அந்தக் குழுவில் உள்ளூர்க் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஓட்டுக் கேட்டு அடுத்தமுறை வருகிறவர்களிடம் கடல் வருகிறது என்று மட்டும் சொல்லாமல், தாளைக் கையில் கொடுத்துக் கேட்கப் போகிறோம், இந்தக் கோட்டைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்புவீர்களா என்று.

வரைபடத்தில் உங்கள் ஊரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கீழே ஊர்ப் பெயரைப் போடுங்கள், நாங்கள் தேடித் தருகிறோம்.

பெரியப்பா கூப்பிடுகிறார். படகு கரை ஏறுகிறது, இழுக்க ஆள் வேண்டுமாம். கேமராவை இந்தக் கல்லின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன், அலை எதுவரை வருகிறது என்று நீங்களே பாருங்கள்.