வாசல் விளக்கும் சிவப்பு வயரும்

நேயர்களுக்கு வணக்கம். ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரியும் வாசல் விளக்கில் சென்சார் பழுதாகிவிட்டால், புதியதை வீட்டிலேயே எப்படிப் பொருத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் நேட்டால் கரும்பாலை ஒன்றில் 31 ஆண்டுகள் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தை நம்பித்தான் அழைத்திருப்பார்கள். ஆனால் இந்த விளக்கைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஆலையில் அல்ல. டர்பன் சாட்ஸ்வொர்த்தில், என் அக்கா வீட்டு வாசலில், அசடு வழிந்துகொண்டே கற்றுக்கொண்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை. விரதச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வாரமாக வாசல் விளக்கு எரியவில்லை, புதுச் சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடுவதற்கு முன்னால் மாட்டிவிடு என்றார் அக்கா. பத்து நிமிட வேலை என்று சொல்லி ஏணியில் ஏறினேன்.

சுவரிலிருந்து வந்த வயர்கள் சிவப்பு, கருப்பு, பச்சை. தென்னாப்பிரிக்காவின் பழைய வீடுகளில் சிவப்பு மின்சாரம் வரும் லைன், கருப்பு அது திரும்பும் நியூட்ரல், பச்சை பாதுகாப்புக்கான எர்த். விளக்கிலிருந்து வந்தவை பழுப்பு, நீலம், மஞ்சள் கோடிட்ட பச்சை. புதுச் சென்சாரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தவை பழுப்பு, நீலம், சிவப்பு. நான் சிவப்போடு சிவப்பைச் சேர்த்தேன், பழுப்போடு பழுப்பு, நீலங்கள் இரண்டையும் கருப்போடு, பச்சையோடு பச்சை. பத்துப் பொருத்தமும் அமைந்த ஜாதகம் போல ஒரு வயர்கூட மிஞ்சவில்லை. வயரிங் படம் அச்சிட்ட தாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 31 ஆண்டு வேலை பார்த்தவனுக்குத் தாள் எதற்கு?

விளக்கு எரியவில்லை. சென்சார் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லி, அக்கா மகனைக் கடைக்கு அனுப்பி மாற்றி வாங்கிவரச் செய்தேன். அதுவும் எரியவில்லை. “தம்பி, ஆலையில் 31 வருடம் என்னதான் செய்தாய்?” என்று கேட்டார் அக்கா. பாயசம் இறங்கவில்லை. கடைசியில் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

சென்சாருக்குள் ஒரு ரிலே இருக்கிறது. தானாக மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு வயர் உள்ளே வரும் லைன். சிவப்பு வயர் ரிலேயைக் கடந்து விளக்குக்குப் போகும் லைன். சென்சாரின் மின்னணுப் பகுதி உயிர் பெறுவது பழுப்புக்கும் நீலத்துக்கும் இடையில். நானோ வீட்டு லைனை வெளியே போகும் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். பழுப்புக்கு மின்சாரமே போகவில்லை. தூங்குகிற காவல்காரன் கதவைத் திறப்பானா?

சரியான இணைப்பு இதுதான். சுவரின் சிவப்பு சென்சாரின் பழுப்புக்கு. சென்சாரின் சிவப்பு விளக்கின் பழுப்புக்கு. சுவரின் கருப்போடு நீலங்கள் இரண்டும். எர்த் விளக்கின் உலோக உடலுக்கு. இதையும் நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே நிறத்தைப் பின்பற்றுவதில்லை. உங்கள் பெட்டியிலுள்ள படத்தைப் பாருங்கள்.

சுவரிலிருக்கும் நிறத்தையும் முழுக்க நம்ப முடியாது. சுவிட்சுக்குப் போய்த் திரும்ப இரண்டு வயர் வேண்டும். அதற்குச் சிவப்பும் கருப்பும் சேர்ந்த கேபிளையே இழுத்திருப்பார்கள். அங்கே சுவிட்ச் போட்டதும் கருப்பிலும் லைன் வரும். ஆகவே டெஸ்டர்தான் சாட்சி. வோல்ட் காட்டும் இருமுனை டெஸ்டரைச் சொல்கிறேன். நியான் மினுக்கும் ஸ்க்ரூடிரைவர் எனக்குப் பிடிக்காது, பட்டப்பகலில் அது மினுக்குகிறதா இல்லையா என்றே தெரியாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும், லைனுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய பூஜ்யம். எது எதுவென்று அடையாளம் வைத்துக்கொண்டு வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி போர்டில் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள். பிறகு மறுபடியும் சோதியுங்கள். அதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் டெஸ்டரையே சோதித்துவிடுங்கள். செத்த டெஸ்டருக்கு எல்லா வயரும் செத்த வயர்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023இல் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் நம்மை எப்படி வாட்டியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் என் மச்சான் ஒருவர், “மின்சாரமே இல்லை, ட்ரிப்பை எதற்கு இறக்க வேண்டும்?” என்று ஏணியில் ஏறினார். வேலை முடியுமுன் மின்சாரம் வந்துவிட்டது. நல்ல வேளையாக அப்போது அவர் கையிலிருந்தது ஸ்க்ரூ, வயர் அல்ல. இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கினாலும் பேட்டரியிலிருந்து விளக்குகளுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் நிறுத்த வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் விளக்குகள் எர்த் லீக்கேஜ் பாதுகாப்புக்குள் வருவதில்லை. பிளக்கில் ஷாக் அடித்தால் காப்பாற்றும் அந்தக் கருவி, ஏணி மேலிருக்கும் உங்களைக் காப்பாற்றாமல் போகலாம்.

நான் பேசுவது பழைய இடத்தில், பழைய வயரில், பழையதைப் போன்ற ஒன்றை மாட்டுவதைப் பற்றி மட்டும். புதிதாக வயர் இழுப்பதென்றால் பதிவு பெற்ற மின் வல்லுநரைக் கூப்பிட்டு அந்த வேலைக்குச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். 2009ஆம் ஆண்டு மின் நிறுவல் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வீட்டை விற்கும்போது இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சான்றிதழ் செல்லாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

பழைய சென்சாரை வீட்டுக்கு எடுத்துவந்து திறந்து பார்த்தேன். ஆலைப் புத்தி போகாது. 230 வோல்ட்டைக் குறைத்துக்கொடுக்கும் கப்பாசிட்டர் நாளடைவில் வலுவிழந்து, ரிலேயை இழுக்கும் தெம்பு இல்லாமல் போயிருந்தது. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. எல்இடி விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் பாயும் மின்சாரம் மிக அதிகம். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு இரவு பகலாக எரியும். பெட்டியில் எல்இடிக்கென்று போட்டிருக்கும் வாட் அளவு, பழைய குமிழ் பல்புக்கான அளவைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான். டர்பன் கடற்காற்றுக்கு, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரமான ஐபி 44க்குக் குறைந்ததை வெளியில் மாட்டாதீர்கள். கேபிள் கீழிருந்து நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

மாட்டி முடித்து மின்சாரம் கொடுத்ததும், சென்சார் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் போலாகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி கழற்றுகிறவர்கள் உண்டு. பகலிலே சோதிப்பதென்றால் வெளிச்சத் திருகைச் சூரியப் படம் போட்ட பக்கம் திருப்புங்கள். எரியும் நேரத்தை மிகக் குறைவாக வையுங்கள். சென்சார் உடல் வெப்பத்தின் கதிரைப் பார்க்கிறது. லென்ஸ் அந்தப் பார்வையைப் பல கூறாகப் பிரிக்கிறது. ஒரு கூற்றிலிருந்து இன்னொன்றுக்கு நாம் நகரும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். எனவே பாதையைக் குறுக்கே பார்க்கும்படி, 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். நேராக அதை நோக்கி நடந்து வருகிறவரை அது தாமதமாகத்தான் கண்டுகொள்ளும். பிப்ரவரிப் புழுக்கத்தில் சுவரும் தரையும் நம் உடல் சூட்டை நெருங்கும் இரவுகளில் அதன் பார்வை எட்டும் தூரம் குறையும். அது கோளாறு அல்ல.

அக்கா வீட்டு விளக்கு இப்போது சில நாள் நள்ளிரவில் யாரும் இல்லாமலே எரிகிறது. திருடனோ என்று பதறித் தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தால் லென்ஸின் மேலே பல்லி. வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது, பல்லி அசைந்தால் மறுபடி வெளிச்சம். லென்ஸை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உணர்திறன் திருகைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. பல்லி எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.