எல்இடி இண்டிகேட்டர் மாட்டினால் ஏன் படபடவென்று அடிக்கிறது?

(காட்சி: பைக்கின் பின்பக்கம், நெருக்கத்தில். இடது பக்கம் புதிய எல்இடி இண்டிகேட்டர். சுவிட்ச் தள்ளும் சத்தம்.)

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். டிக்டிக்டிக்டிக். இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் சின்னப் பெட்டிதான் ரிலே. நிதானமாக அடித்துக்கொண்டிருந்த அது இப்போது ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குகிறது. இடது பக்கம் இருந்த இரண்டு பழைய இண்டிகேட்டரையும் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை.

வாங்கிய லைட் சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். லைட்டில் ஒரு குறையும் கிடையாது. ரிலேயும் கெட்டுப்போகவில்லை. "இந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது, போய்ப் பார்" என்று ரிலே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வேலையே அதுதான்.

(காட்சி: மேஜைமேல் பழைய பல்பு, புதிய எல்இடி, மல்டிமீட்டர்.)

பழைய பல்பின் உலோக மூடியில் 12 வோல்ட், 10 வாட் என்று பொறித்திருக்கிறது. பெரிய வண்டிகளில் 21 வாட் இருக்கும். என் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக ஒரு பக்கத்துக்கு 20 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.7 ஆம்ப். என் கையில் இருக்கும் எல்இடி ஒன்றுக்கு 1 வாட்தான். இரண்டும் சேர்ந்து 0.17 ஆம்ப். பத்தில் ஒரு பங்கு!

எலக்ட்ரானிக் ரிலேக்குள் மிகச் சின்ன மின்தடை ஒன்று இருக்கும். இண்டிகேட்டருக்குப் போகும் கரண்ட் முழுக்க அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே விழும் வோல்ட்டேஜை ரிலே அளந்துகொண்டே இருக்கும். கரண்ட் பாதியாகக் குறைந்தால் ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று கணக்குப் போட்டு வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். பத்தில் ஒரு பங்கு கரண்ட்தான் போகிறது என்றால் அது என்ன நினைக்கும், சொல்லுங்கள்?

இன்னும் பழைய வண்டிகளில் வெப்ப ரிலே இருக்கும். உள்ளே ஒரு உலோகப் பட்டை கரண்டில் சூடாகி வளையும், ஆறினால் நிமிரும். எல்இடி எடுக்கிற கரண்டுக்கு அது சூடே ஆகாது. அதனால் அந்த வண்டிகளில் வேகம் கூடாது, மின்னுவதே நின்றுவிடும்.

(காட்சி: தங்க நிற உறை போட்ட லோடு ரெசிஸ்டர், கைமேல்.)

இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். முதலாவது இந்த லோடு ரெசிஸ்டர், அதாவது கரண்டை இழுத்து வெப்பமாக்கும் ஒரு மின்தடை. எல்இடிக்கு இணையாக இதைப் போட்டால் பல்பு எடுத்த கரண்டை இது எடுத்துக்கொள்ளும், ரிலே ஏமாந்துவிடும். எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட் வரை இருக்கும். 10 ஓம் ரெசிஸ்டரில், இண்டிகேட்டர் எரியும் நேரத்தில் ஏறக்குறைய 20 வாட் வெப்பம், மின்னும்போது பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 10 வாட். 6 ஓம் என்றால் சராசரி 16 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சின்ன சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

என் முந்தைய வண்டியில் இந்த ரெசிஸ்டரை வால் பகுதிக்குள் வயர்க்கட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தேன். ஒருநாள் நெரிசலில் வலது பக்கம் திரும்பக் காத்து நின்றபோது, பல நிமிடம் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், டை உருகி வழிந்து, பக்கத்து வயரின் தோல் பளபளவென்று இளகி, செம்பு வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும். ரெசிஸ்டரைத்தான் போட்டாக வேண்டும் என்றால் வெறும் உலோகத்தில், காற்றுப்படும் இடத்தில், திருகு வைத்து இறுக்குங்கள். வயரும் பிளாஸ்டிக்கும் அதைத் தொடவே கூடாது.

(காட்சி: சீட்டுக்கு அடியில் பிளாஷர் ரிலேயை உருவும் கை.)

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி: ரிலேயையே மாற்றுவது. எல்இடிக்கென்று வரும் ரிலே கரண்டைப் பார்க்காது, தன் கணக்கில் ஒரே வேகத்தில் அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதிமுறை. நல்ல ரிலே 85, 90 பக்கம் நிற்கும்.

மாற்றுவதற்கு முன்னால் ரிலேயின் உலோகக் கால்களைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் பி என்று போட்டிருப்பது பேட்டரியிலிருந்து வருவது, எல் என்பது லைட்டுக்குப் போவது, இ என்பது எர்த். ஐரோப்பிய வண்டிகளில் இவையே 49, 49ஏ, 31 என்று இருக்கும். இரண்டு கால் ரிலே இருந்த இடத்தில் எர்த் கேட்கும் எல்இடி ரிலே வந்தால், அந்த எர்த் வயரை ஃபிரேமில் இருக்கும் ஒரு போல்ட்டில் கொடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள், பெயின்ட் கரண்டைக் கடத்தாது. எது பி என்று தெரியவில்லையா? ரிலேயைக் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பி மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் காட்டும் வயர்தான் பி.

ஒன்று சொல்லிவிட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் தனி ரிலேயே இருக்காது. மீட்டரோ கண்ட்ரோல் யூனிட்டோ மின்ன வைக்கும். அங்கே ரிலே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

(காட்சி: பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது.)

சரி, மாட்டுவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய இண்டிகேட்டரின் நட்டைக் கழற்றி வயரை உருவும்போது, எந்த வயர் எங்கே போனது என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. திருப்பிக் கொடுத்தால் எரியாது. கருப்பு என்றால் எர்த் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஹோண்டாவில் எர்த் பச்சை, இடது இண்டிகேட்டர் ஆரஞ்சு, வலது வெளிர்நீலம். யமஹாவில் எர்த் கருப்பு, வலது இண்டிகேட்டர் கரும்பச்சை. ஒரு வண்டியில் எர்த்தாக இருக்கும் நிறம் இன்னொன்றில் வேறு வேலை செய்யும். ஆகவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள்.

பழைய இண்டிகேட்டர் சிலவற்றில் ஒரே வயர்தான் இருக்கும், எர்த் அதன் உலோகத் தண்டு வழியாகவே போகும். அப்படியானால் எல்இடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். வண்டி அதிர்வில் முறுக்கு தளரும், மழையில் செம்பு பச்சை பூக்கும். புல்லட் கனெக்டரைக் கிரிம்ப் செய்து, அதாவது வயரோடு நசுக்கி இறுக்கி, மேலே சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போடுங்கள். முன்பக்க வயரை இறுக்கமாக விடாமல், ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது.

(காட்சி: இடது சுவிட்ச் போட்டதும் நாலு இண்டிகேட்டரும் மின்னுகின்றன.)

இப்போது பலரையும் குழப்பும் இடம். வலது பக்கமும் எல்இடி மாட்டிவிட்டு இடது பக்கம் போட்டேன், நாலும் மின்னுகின்றன! மீட்டரில் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு உள்ள வண்டிகளில் இது நடக்கும். அந்தச் சின்ன பல்புக்கு எர்த் கிடையாது. அதன் ஒரு முனை இடது வயரில், மறுமுனை வலது வயரில். இடது போட்டால் கரண்ட் சின்ன பல்பைத் தாண்டி, வலது பக்கத்துப் பெரிய பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தக் கொஞ்சூண்டு கரண்டில் பெரிய பல்பு எரியாது. எல்இடிக்கு அதுவே தாராளம், எரிந்துவிடும்.

தீர்வு இரண்டு டயோடு. டயோடு கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும். 1என்4007 என்ற சாதாரண டயோடு போதும், 1 ஆம்ப் தாங்கும். அதன் உடம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது, பாருங்கள். கரண்ட் கோடு இருக்கும் முனை வழியாக வெளியே போகும், திரும்பி வராது. ஒரு டயோடின் கோடு இல்லாத முனை இடது வயருக்கு, மற்றதன் கோடு இல்லாத முனை வலது வயருக்கு. கோடு உள்ள இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்து மீட்டர் பல்பின் ஒரு முனையில் கொடுங்கள். பல்பின் இன்னொரு முனை எர்த்துக்கு. எந்தப் பக்கம் போட்டாலும் பல்பு எரியும், மறுபக்கத்துக்குக் கரண்ட் தாண்டாது.

(காட்சி: வெயிலில் நிற்கும் வண்டி. கேமரா மெல்லப் பின்னால் நகர்கிறது.)

மின்சார வேலை முடிந்தது. ஆனால் இண்டிகேட்டர் நமக்காக எரிவதில்லை, பின்னால் வருகிறவருக்காக எரிகிறது. விரல் நுனி அளவு எல்இடி அழகாகத்தான் இருக்கும். நேராக நின்றால் கண் கூசும், பக்கவாட்டில் நகர்ந்தால் மங்கிவிடும். வண்டியை நடுப்பகல் வெயிலில் நிறுத்தி, இருபது முப்பது அடி தள்ளி, சற்று ஓரமாக நின்று பாருங்கள். அங்கிருந்து உங்களுக்கே தெரியவில்லை என்றால் லாரி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அந்த லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிறம் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருக்க வேண்டும். இடைவெளியும் முக்கியம். ஐ.நா. விதி 53-ன்படி முன் இண்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 240 மில்லிமீட்டர், பின்னால் 180. நெருக்கி மாட்டினால் இடதா வலதா என்றே தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

எல்இடியில் ஒரு லாபம் உண்டு. இழை பல்பு முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 நொடி எடுக்கும், எல்இடி போட்டவுடன் எரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பின்னால் வரும் வண்டி அந்த நேரத்தில் 3 மீட்டருக்கும் மேல் ஓடிவிடும்.

ஒன்றை இழந்திருக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ரிலே பல்பு போனால் வேகமாக அடித்துச் சொன்னது. புதிய ரிலே சொல்லாது. ஒரு லைட் செத்தாலும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் வண்டி எடுக்கும்போது இடது போட்டு ஒரு சுற்று, வலது போட்டு ஒரு சுற்று நடந்துவிடுங்கள்.

(காட்சி: இஞ்சின் ஓடுகிறது. விரல் சுவிட்சில்.)

கடைசிச் சோதனை. இஞ்சினை ஓடவிட்டு இடது போடுங்கள். அப்படியே பிரேக்கை அழுத்துங்கள், ஹாரன் அடியுங்கள். வேகம் மாறக் கூடாது. வலதுக்கும் இதேபோல. நாலையும் சேர்த்து மின்ன வைக்கும் ஹசார்டு சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். இப்போது சுவிட்சை நடுவில் அழுத்துங்கள். நாலும் முழுசாக அணைந்ததா? லேசாகக்கூட எதுவும் ஒளிரவில்லையா? சரி, சீட்டை மாட்டலாம்.