குனிந்து படிக்க வேண்டிய கோயில்: தாராசுரம்

(காட்சி: அரசலாற்றுப் பாலம், வயல்கள், தொலைவில் விமானம்)

தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், கும்பகோணத்தை ஒட்டியுள்ள தாராசுரத்தில் குனிந்து பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். 1146 முதல் 1173 வரை ஆண்ட இரண்டாம் இராசராசன் எடுப்பித்த இந்த ஐராவதேசுவரர் கோயிலின் விமானம் சுமார் 24 மீட்டர் உயரமே உடையது. தஞ்சை விமானத்தின் பாதியைக்கூட அது எட்டவில்லை. சோழப் பேரரசின் செல்வாக்கு சுருங்கத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், சிற்பியின் கவனம் உயரத்தை விட்டு நுணுக்கத்தின் பக்கம் திரும்பிவிட்டது என்றே தோன்றுகிறது.

(காட்சி: முன்மண்டபம், தேர்ச்சக்கரம்)

அரசனின் விருதுப்பெயரால் இராசகம்பீரன் திருமண்டபம் என வழங்கும் முன்மண்டபம், சக்கரமும் பாயும் குதிரையும் பூட்டிய தேராக அமைந்துள்ளது. எதிரேயுள்ள பலிபீடத்தின் படிகள் தட்டினால் இசை எழுப்புபவை; தட்டிப் பார்க்கும் ஆசை யாரையும் விடாததாலோ என்னவோ, இன்று அவற்றைச் சுற்றிக் கம்பித் தடுப்பு நிற்கிறது.

(காட்சி: கருவறையின் அடித்தளம், மிக நெருக்கத்தில்)

இக்கோயிலின் உண்மையான செல்வம் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், நடப்பவர் கண்ணில் எளிதில் படாத உயரத்தில் இருக்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம், அவன் மகன் கட்டிய இக்கோயிலில் சிறு சிறு சிற்பங்களாக ஏறிவிட்டது. ஓலையில் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்குள் கல்லுக்கு வந்த வேகம் வியப்புக்குரியது. பல சிற்பங்களில் இன்னார் என்று தமிழில் பெயரும் பொறித்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம். அவிநாசியில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அந்த வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கியிருந்தது. சுந்தரர் பதிகம் பாட, முதலை வாய் திறக்கிறது, பிள்ளை வெளியே வருகிறான். இவ்வளவு நீண்ட கதையைச் சிற்பி சிறியதொரு கல்லுக்குள் அடக்கிவிட்டான்.

சோழர் கல்லில் பெயர் பொறித்தது இது முதன்முறை அன்று. முதலாம் இராசாதிராசன் சாளுக்கியத் தலைநகரை வென்று கொண்டுவந்த வாயிற்காவலர் சிலை ஒன்று இங்கே இருந்தது. இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் பீடத்தில் 'உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று வெட்டியிருக்கிறது. விஜயராஜேந்திரன் என்பது இராசாதிராசனின் விருதுப்பெயர். அந்த எழுத்து அரசனின் வெற்றியைச் சொல்வது. தாராசுரத்துச் சுவரிலோ அதே தமிழ் எழுத்து, திருநீலகண்டர் என்ற குயவரும் கண்ணப்பர் என்ற வேடரும் திருக்குறிப்புத்தொண்டர் என்ற வண்ணாரும் இடம்பெறும் அடியார் வரிசைக்குப் பயன்பட்டிருக்கிறது.

(காட்சி: வடக்குத் திருச்சுற்று)

வடபுறச் சுவருக்கு வந்தால், சிவாசாரியர் 108 பேரின் உருவங்கள் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வந்தால், தேய்ந்த எழுத்துகளையும் ஓரளவு கூட்டிப் படித்துவிடலாம்.