ஆஸ் ஜோடியைக் கீழே போட்டேன், டிக்கெட் வாங்கினேன்

வணக்கம் மக்களே. கார் பார்க்கிங்கில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன், வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை. டர்பன் கடற்காற்று மைக்கில் இரையும், பரவாயில்லை. போக்கர் மெயின் ஈவென்ட், அதாவது பெரிய போட்டியில் ஆட, டிக்கெட் கிடைத்துவிட்டது!

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதே சாட்டிலைட்டில், அதாவது பெரிய போட்டிக்கான டிக்கெட்டையே பரிசாகத் தரும் சின்னப் போட்டியில், இரண்டு தடவை கடைசி நேரத்தில் வெளியேறினேன். இரண்டு தடவையும் கையில் ராணி ஜோடி, எதிரே ஆஸும் ராஜாவும். கிட்டத்தட்ட காசு சுண்டிவிடுவது மாதிரிதான் அந்த ஆட்டம். அதற்குப் போய் மொத்தத்தையும் வைத்தேன். அந்த இரண்டு இரவும் எனக்குத் தூக்கமே இல்லை.

இன்று 32 பேர், நுழைவு 900 ரேண்ட். பரிசு ஐந்து டிக்கெட், ஒவ்வொன்றும் 5,000 ரேண்ட் பெறும். முதலாவதாக வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் ஒரே டிக்கெட்தான். மேஜையில் ஆறு பேர் மிஞ்சினோம். என்னிடம் 1,70,000 சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள். அதிகம் வைத்திருந்தவரிடம் 2,20,000. அவர் பாட்டுக்கு ஆல்-இன், அதாவது மொத்த சிப்ஸையும், போட்டுவிட்டார். நான் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன்: இஸ்பேடு ஆஸ், ஆட்டின் ஆஸ்.

ஒரு நிமிடம், இதைச் சொல்ல விட்டுவிட்டேன், இதுதான் முக்கியம். பெரிய பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து ஒருவர் கட்டாயம் போட வேண்டிய பந்தயம், 20,000. இரண்டு பேரிடம் 30,000, 20,000 என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கையில் பெரிய பிளைண்ட் போட வேண்டியவர் அந்த 20,000 காரர். சீட்டைப் பார்க்காமலேயே அவருடைய மொத்தமும் உள்ளே போய்விடும்.

எதிராளி ஏதோ ஒரு சீட்டோடு வந்தால் ஆஸ் ஜோடி சராசரியாக 100க்கு 85 தடவை ஜெயிக்கும், சரி. மீதி 15 தடவை நான் ஆறாவது ஆள், வெறுங்கை. ஜெயித்தாலோ? 3,40,000 சிப்ஸுக்கு இரண்டு டிக்கெட்டா தரப்போகிறார்கள்? மடக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தாலே டிக்கெட் ஏறக்குறைய என்னுடையது. சீட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்த 30,000 காரர் ஆல்-இன் போட்டிருந்தால் கதையே வேறு. தோற்றாலும் 1,40,000 மிஞ்சும், உடனே கால் பண்ணியிருப்பேன், அதாவது அவர் வைத்ததற்குச் சமமாக நானும் வைத்திருப்பேன். எவ்வளவு நல்ல சீட்டு என்பதோடு, எதிரே வருபவர் நம்மை வெளியே அனுப்ப முடியுமா என்பதையும் பாருங்கள்.

கை முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர், ‘ஆஸை விடுகிறவருக்கு எதற்கு போக்கர்?’ என்று சத்தமாகச் சிரித்தார். இந்தச் சிரிப்பு எனக்கு அறவே பிடிக்காது. அடுத்த கையிலேயே 20,000 காரர் போனார், ஆட்டம் முடிந்தது.

அப்புறம் அந்த டீ! ஒரு கப் 48 ரேண்ட், அதுவும் வெதுவெதுப்பாக, பால் தனியாக ஒரு குட்டிப் பாக்கெட்டில். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் அந்தக் காசுக்குக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி என்று பையில் அள்ளிக்கொண்டு வருவேன். இஞ்சி கூடப் போடவில்லை, ஏலக்காய் வாசனையும் இல்லை. இரண்டு கப் குடித்தேன், 96 ரேண்ட்.

மெயின் ஈவென்ட் சனிக்கிழமை. அங்கே முதல் பரிசும் ஐந்தாம் பரிசும் ஒன்றில்லை. அதனால் ஆஸ் ஜோடி வந்தால் மொத்தத்தையும் உள்ளே தள்ளுவேன். டீயை வீட்டிலேயே போட்டு, பிளாஸ்கில் எடுத்துப் போகிறேன்.